பதினோராவது கிளாஸ்

கழுத்துக்குக் கீழே, தாலிக்கயிறு உரசுகிற இடத்தில்
ஆறாம் மாதம் வந்து உட்கார்ந்தது.
கடுகில் பாதி. சிவப்பு.
சுற்றிலும் மயிரிழைக் கால்கள்,
எண்ணினால் ஏழு, வெளிச்சம் மாறினால் ஒன்பது.

பக்கத்து வீட்டு ராக்கு அக்கா பார்த்துவிட்டு
"எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருக்கும்டி,
வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடு" என்றாள்.
போட்டேன். மூன்று நாள்.
மஞ்சள் உதிர்ந்தது. பூச்சி நகரவில்லை.

அழகுமலையிடம் கொசு என்று சொல்லிவைத்தேன்.
செல்லூரில் கொசுவுக்கா பஞ்சம்.

ஆனால் எனக்குத் தெரியும் இது.
இதே மாதிரி மூன்று
அப்பாவின் நெஞ்சில், பனியன் விளிம்புக்கு மேலே.
கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்கிய உடம்பு.
பெரியாஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில்,
ஒரு டாக்டர் பத்துப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி
கண்ணாடித் துண்டால் அதை அழுத்தினார்.
வெளுத்துப்போனது.
எடுத்தார்.
நடுவிலிருந்து ரத்தம் கிளம்பி ஒவ்வொரு காலுக்கும் ஓடியது.
"பாத்தீங்களா" என்றார், அவர்களிடம்.
நானும் பார்த்தேன். பதினாலு வயது,
கையில் கஞ்சித் தூக்கு.
அப்பா ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்
நெஞ்சு வேறு யாருடையதோ என்பதுபோல.
அவர் வயிறு, இப்போது எனக்கு இருப்பதைவிடப் பெரிது.

அதனால்தான் முந்தாநாள் கடை அடைத்தபின்
கழுவிக் கவிழ்த்த டீ கிளாஸில் ஒன்றை
முந்தானைக்குள் மறைத்து மாடிக்குக் கொண்டுவந்தேன்.
குளியலறைக் கதவைத் தாழிட்டு
அவன் சவரம் செய்கிற கண்ணாடி முன்னால் நின்று
கிளாஸின் அடியால் அழுத்தி
அதன் வாய் வழியே எட்டிப் பார்த்தேன்.
வெளுத்தது.
எடுத்தேன்.
நடுவிலிருந்து வந்தது.
மறுபடி. மறுபடி.
தோலில் வட்டம் பதிகிறவரை.
நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று
யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா சிஸ்டர் சிரிக்கவில்லை.
பிரஷர் பட்டையைச் சுற்றியபடியே சொன்னார்:
"மாசமா இருக்கையில ஹார்மோன் ஏறும்மா, ரத்தமும் கூடும்.
தோலுக்கடியில இருக்கிற மெல்லிசுக் குழாய் விரிஞ்சு
வெளிய தெரியுது, அம்புட்டுதான்.
பிள்ளை பிறந்தா முக்காவாசிப் பேருக்கு மறைஞ்சுரும்."
"எங்கப்பாவுக்கும் இருந்துச்சு சிஸ்டர்."
பம்ப் அழுத்திய கை நின்றது.
"குடியா?"
தலையாட்டினேன்.
"அதே ஹார்மோன்தான். ஆம்பளை ஒடம்புலயும் கொஞ்சம் ஊறும்.
ஈரல்தான் அதைக் கரைச்சுத் தள்ளணும்.
அவருக்குத் தள்ள முடியாமத் தேங்கியிருக்கும்."
நூத்திப்பத்துக்கு எழுபது, எழுதிக்கொண்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தேங்கியிருக்கும்.

கடைசி வருடம் அப்பாவுக்கு மார்பு பெருத்தது.
லோடுமேன்கள் வைத்த பட்டப்பெயரை
நான் இங்கே எழுதப்போவதில்லை.
சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார்.
குடியை வெறுத்தேன்.
அந்தச் சட்டையையும் சேர்த்து வெறுத்தேன்.

எனக்குள் ஒரு பிள்ளைக்காகப் பெருகுவது
அவருக்குள் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது.
மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தோளுக்குக் கீழே
ஒரு கர்ப்பிணியின் அடையாளம்.
அவரிடம் யாரும் சொல்லவில்லை.
பத்துப் பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

"பத்து கிளாஸ்தான் இருக்கு, இன்னொண்ணு எங்க?"
கீழேயிருந்து அழகுமலை கத்துகிறான்.
பாய்லர் சீறுகிறது. ரெண்டு நாளாகத் தேடுகிறானாம்.

வருகிறேன் என்கிறேன்.
வெந்நீர் ஊற்றி அலசித்தான் கொடுக்கவேண்டும்.
அதற்குமுன் ஒரு தடவை,
நிதானமாக, மூச்சுப் பிடிக்காமல்,
அழுத்துகிறேன்.
வெள்ளை.
எடுக்கிறேன்.
உள்ளே யாரோ புரண்டு படுக்க
நடுவிலிருந்து கிளம்புகிறது,
ஏழோ, ஒன்பதோ.