மூன்று சுவர்

மூன்றாம் தவணை வராததால்
எங்கள் வீட்டுக்கு நான்காம் சுவர் இல்லை.
வடகரப்பதி பஞ்சாயத்தில் போய்க் கேட்டால்
அடுத்த மாசம் என்றார்கள், மலையாளத்தில்.
ரோட்டைப் பார்த்த பக்கம்
போன தேர்தலின் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டினார் நாயினா.
வேட்பாளர் உள்பக்கம்.
கும்பிட்ட கையோடு
நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கேபிளுக்கு மட்டும் தவணை நிற்கவில்லை.
வேலந்தாவளம் செக்போஸ்டில் லாரிகளின் இரைச்சல் அடங்கி
பதினொரு மணி ஆனால்
ஒரு கறுப்புக் குடும்பம் வரும்.
தெய்வானைதான் கண்டுபிடித்தாள்:
அவர்களுக்கும் மூன்றே சுவர்.
சோபா எங்களைப் பார்த்துக் கிடக்கும்.
எங்கே போகிறதென்று காட்டாமல் ஒரு மாடிப்படி ஏறும்.
ஆறு பேர் சாப்பிடும் மேசையில்
ஒரு பக்கம் எப்போதும் காலி.
யாரும் எங்களுக்கு முதுகு காட்ட மாட்டார்கள்.
காலியான அந்தப் பக்கத்தில்
தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள்.

வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ்,
ரேஷன் கார்டில் மலையாளம்.
இங்கிலீஷுக்கு இடம் மிச்சமில்லை.
ஆனாலும் அந்த அம்மா இடுப்பில் கை வைத்தால்
யாருக்கோ விழப்போகிறதென்று தெரியும்.
அப்பன்காரர் டை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.
என்ன வேலை என்று கடைசிவரை தெரியவில்லை.
எங்கள் அம்மா கேட்டது ஒன்றுதான்:
"இத்தாப்பெரிய வீட்டை யாரு வந்து கூட்டறா?"
ஒவ்வொரு எபிசோடிலும் அந்த ஒருத்திக்காகக் காத்திருந்தாள்.
அவள் வரவேயில்லை.
நிம்மதியா ஏமாற்றமா,
அம்மா முகத்தில் இரண்டும் இருந்தது.

நாயினாவுக்கு வேறு கவலை.
கடைக்குட்டிப் பையன் கதவைத் திறப்பான்.
சிரிப்பு.
"வாயே தொறக்கலியேடா.
அதுக்குள்ள எவன் சிரிக்கறான்?"
எங்களைத் திரும்பிப் பார்ப்பார்,
நாங்கள் யாரோ சிரித்துவிட்டதைப் போல.
டீக்கடையில் இவர் போய் நின்றதும் எழும் சிரிப்புக்கும்
ஆள் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மலையாள சேனல்.
காமெடியில் எங்கள் ஆள் ஒருவர் வந்தார்,
பாத்திரம் விற்க.
முகத்துக்குக் கரி பூசியிருந்தார்கள்,
காதுக்குப் பின்னால் மறந்துவிட்டார்கள்.
நாங்கள் யாரும் பேசாத ஒரு தமிழ் பேசினார்.
"பாண்டி" என்று யாரோ கூப்பிட,
சிரிப்பு.
அதேதான், அதே கேசட், என்று
சத்தியம் செய்தாள் தெய்வானை.
பதினொரு மணிச் சிரிப்புக்கு நடுவிலும்
ஒருத்தன் இருமுவானாம்.
இதிலும் இருமினானாம்.

ஆடிக் காற்றில் ஒருநாள் ஃப்ளெக்ஸ் பிய்த்துக்கொண்டு போனது,
வேட்பாளரும் கும்பிட்டபடியே
சோளக்காட்டைத் தாண்டிப் போனார்.
அன்றைக்கென்று லாரிகள் எங்கள் வாசல் வரை வரிசை.
டிரைவர்கள், கிளீனர்கள், தேங்காய் லோடின் மேல் இரண்டு பேர்.
குண்டு பல்பு வெளிச்சத்தில் நாங்கள்:
துண்டு கட்டிய நாயினா,
ஒரே முட்டைக்குச் சண்டை போடும் நானும் தெய்வானையும்,
இடுப்பில் கை வைத்த அம்மா.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நடுவில் ஒரு இருமல்.

அம்மா எதுவும் சொல்லவில்லை.
டிவியை ஸ்டூலோடு தூக்கி
ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.
வயர் எட்டவில்லை. பிளக்கை மாற்றினாள்.
சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.
அந்தக் குடும்பம் லாரிகளைப் பார்த்து
மாடிப்படி இறங்கியது.

நாங்கள் சட்டிபானையை நடுவில் வைத்து
ரோட்டுக்கு முதுகு காட்டி
வட்டமாக உட்கார்ந்தோம்.
அப்போது நாயினா தெலுங்கில் ஒன்று சொன்னார்.
தெய்வானைக்குப் புரையேறியது,
அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்,
நான் தரையில் உருண்டேன்.

என்ன சொன்னார் என்று
உங்களிடம் சொல்வதாக இல்லை.