எந்தக் கை

நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள்.
ஹட்டனில் இறங்கி, வீட்டுக்குப் போகுமுன்
சூட்கேசோடு கடைக்குள் நுழைந்தேன்.
பழகுகிறவர்களுக்கான செட், எல்லாம் உள்ளேயே இருக்காம்:
கிட்டார், பை, தோள்வார்,
மேலதிகமாய் ஒரு கட்டுத் தந்தி.
தினாரை ரூபாயாக்கி
இரண்டுமுறை கழித்துப் பார்த்தேன். சரி.

"மகனுக்கு எந்தக் கைப்பழக்கம், அக்கா?
இடதென்றால் தந்தியை மாற்றிக் கட்டணும்."

ஒன்பது வருஷம்
திரைக்குள்ளிருந்து கையசைத்தான் டிலுக்சன்.
அந்தத் திரை இடவலம் புரட்டுமோ, தெரியாது.
நான் போகும்போது
ஊட்டினால்தான் சாப்பிடுவான்.

"கட்டாமலே குடுங்க தம்பி.
வாங்க நீட்டுற கையைப் பார்த்துக்கிறேன்."

கொட்டகலை பஸ்ஸில், மடியில் நெட்டுக்குத்தாக அந்தப் பெட்டி.
கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தான்.
மல்லியப்பு தாண்டும்போதுதான் உறைத்தது:

இவ்வளவு பெரிசை
இரண்டு கையாலும்தான் வாங்குவான்.