விழுகிறவனுக்கு எவ்வளவு

என் ஜாடியின் எண் நாற்பத்தொன்று.
ஹாலிவுட்டில் கொள்ளைக்காரனின் தோல் அந்த நிறம்.
ஷெரீஃபுக்கு ஒன்பது. குதிரைக்கு இருபது.
பட்டியல் போட்டவர் என் கையைப் பார்த்து
எழுதியிருக்க மாட்டார்.
ஆனால் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

விரல்நுனி வெட்டிய வெள்ளைக் கையுறை,
செல்லுலாய்டுத் தாளின் முதுகுப்புறம்.
முன்புறம் மை போடுகிறவள் பெர்னீஸ் ஹால்வர்சன்;
மூச்சை அடக்கி அவள் மீசை இழுப்பாள்,
அதற்குப் பின்னால் நான் முகம் வைப்பேன்.
நொடிக்குப் பன்னிரண்டு படம்.
ஒருவன் துப்பாக்கியை உருவி முடிப்பதற்குள்
எனக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

இந்தக் கதையில் வில்லனுக்கு முன்னே
அவன் நிழல் ஊருக்குள் வரும்.
தெருவெல்லாம் நீண்டு, மதுக்கடைக் கதவுக்கு அடியில் நுழைந்து,
கவுண்டரில் சாய்ந்து விஸ்கி கேட்கும்.
குடித்துவிட்டுக் கணக்கில் எழுதச் சொல்லும்.
பாவம், வில்லன் வந்து சேரும்போது
பாக்கி அவன் தலையில்.
பணம் இல்லை. பிறகென்ன, உதைதான்.
பதினோரு தடவை மலையிலிருந்து விழுகிறான்.
பதினோரு தடவையும் தரையில் தன் உருவத்திலேயே குழி விழ,
உள்ளேயிருந்து தொப்பியை மட்டும்
முதலில் வெளியே நீட்டுகிறான்.

என் தம்பி கிறிசோஃபோரோவும் விழுகிறவன்தான்.
நிஜக் குதிரை. நிஜ மண்.
படத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது,
இடமிருந்து இரண்டாவது கொள்ளைக்காரன்.
விழுந்தால் நாலு டாலர்,
குதிரையோடு விழுந்தால் ஏழரை.
இரண்டு முறை ஒட்டிய காரையெலும்பு
மழைக்காலத்தில் குடையும்.
லாஸ் ஏஞ்சலஸில் மழை குறைவு. அந்த மட்டில் லாபம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை,
பாயில் ஹைட்ஸ் பக்கத்தில் ஒரு தியேட்டர்.
முதலில் என்னுடைய ஏழு நிமிஷம்,
அப்புறம் அவனுடைய தொண்ணூறு.
சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்,
தான் சாவதைப் பார்க்க.

நிழல் விஸ்கி கேட்டதும் கூரை பெயர்ந்தது.
குதிரை பெருமூச்சு விட்டு
தன் சேணத்தைத் தானே கழற்றி ஆணியில் மாட்டியபோது
முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது.
கிறிசோஃபோரோ என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தான்.

பிறகு பெரிய படம். வயலின்கள்.
சிவந்த மலை. கர்த்தருக்கு நன்றி சொல்லும் குடியேறிகள்.
நாற்பதாவது நிமிஷம், மலை விளிம்பு,
இடமிருந்து இரண்டாவது.
ஒரு தோட்டா. கை விரிந்தது. குதிரை சரிந்தது.
உருண்டு உருண்டு புழுதிக்குள் போனான்,
அழகாக, அத்தனை அழகாக.

தியேட்டர் சிரித்தது.
தொப்பி எப்போது வெளியே வரும் என்று
காத்திருந்த சிரிப்பு.
எங்கிருந்தோ ஒரு பையன் கத்தினான்:
"பன்னிரண்டு!"

கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டேன்.
நகக்கண்ணில் நாற்பத்தொன்று இன்னும் போகவில்லை.
அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தானும் எதற்கோ காத்திருப்பவன் மாதிரி.
தொப்பி வரவில்லை.
குதிரை மட்டும் எழுந்தது,
யாரோ வெட்டி எறிய மறந்த அரை நொடி.

டிராமில்தான் வாயைத் திறந்தான்.
"பதினோரு தடவை விழுந்தானே உன் ஆள்,
அவனுக்கு எவ்வளவு?"
"ஒன்றுமில்லை."
"குதிரைக்கு?"
"அதற்கும்."
"சங்கத்தில் சேரச் சொல்" என்று
சிரிக்கப் பார்த்தான். எலும்பு விடவில்லை.

திங்கள்கிழமை, பழைய தாள் கழுவும் முறை எனக்கு.
செல்லுலாய்டு விலை அதிகம், வில்லன்கள் மலிவு.
தொட்டியில் முகம் முகமாகக் கரைந்தது,
முழங்கை வரை தண்ணீர் என் நிறம்.
ஒரே ஒரு நிழலைக் கழுவவில்லை.
கவுண்டரில் சாய்ந்து
கிளாஸை உயர்த்திக்கொண்டு நிற்கிறதே, அது.

மேற்பார்வைக்கு வந்த மிஸஸ் ட்ரூஸ்டெயில்
எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாள்.
ஒன்று குறைகிறதே, என்றாள்.
கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், என்றேன்.