நாலுக்கு நாலு

"வள்ளத்திலை பிரட்டுமோ?" எண்டு கேட்டா
மயக்கமருந்து டொக்டர்.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
நெடுந்தீவிலை கலியாணம் கட்டி
இருபத்தொரு வருசம் டொக்டர்,
குறிகாட்டுவான் துறை கண்ணிலை பட்டாலே
நான் சொப்பிங் பையைத் தேடுவன்.
கடற்றொழில் செய்யிறவன்ரை பெண்சாதி எண்டு
வெளியிலை சொல்லேலாது.

அவ சிரிக்கேல்லை, எழுதினா.
பொம்பிளை, ஒரு புள்ளி.
சிகரெட் குடிக்காததுக்கும் ஒண்டு,
இந்தக் கணக்கிலை மட்டும் அது குற்றமாம்.
கடல் பிரட்டும், மூண்டு.
பித்தப்பை எடுத்த நோவுக்கு மோர்பின் வேணும்.
"நாலுக்கு நாலு" எண்டா, பேனையை மூடி.
பள்ளிக்கூடத்திலை ஒருநாளும்
நான் எடுக்காத புள்ளி.

அப்பெண்டிக்ஸ் வெட்டின இரவைச் சொன்னன்.
விடிய விடிய ஓங்காளம்,
உள்ளுக்கை ஒண்டுமில்லாமல் பச்சைத்தண்ணி,
ஒவ்வொருக்காலும் தையல்
நங்கூரக் கயிறு மாதிரி இழுபட்டது.
வெட்டுக்குப் பயமில்லை டொக்டர்,
பிறகு வாறதுக்குத்தான்.

"அப்ப ஒரு ஊசிதான் போட்டிருப்பினம்.
படலையைச் சாத்திப்போட்டு
வேலிப்பொட்டை விட்டிட்டினம்,
ஆடு அதுக்குள்ளாலை வந்திட்டுது.
இந்தமுறை ரெண்டையும் அடைப்பம்."

தியேட்டர் குளிர்.
பால்நிற மருந்து நரம்பாலை ஏற
கூரை லைற் கரைஞ்சு போச்சு.
முதல் ஊசி நான் நித்திரையான பிறகாம்.
முழிப்பிலை போட்டால்
சொல்லக் கூச்சமான இடத்திலை எறும்பூருமாம்.
மற்றது கடைசித் தையலோடை.
எனக்கு ரெண்டும் தெரியாது.

முழிச்சன். காத்துக்கொண்டு கிடந்தன்.
கட்டிலோரம் நீலப் பேசின்
காய்ஞ்சபடி.
பின்னேரம் ஆரோ கிறீம் கிறக்கர் கடிச்ச சத்தம்,
எனக்கும் பசிச்சுது.

இரவு ரெண்டு மணிக்கு
தொண்டையடியிலை ஒரு ஆட்டுத் தலை.
"அதே ஊசியைப் போடுங்கோ மிஸ்ஸி."
"அது இருக்கத்தானே வந்தது, இது வேறை."
ஆடு கொஞ்சநேரம் நிண்டு பாத்திட்டுத்
திரும்பிப் போச்சு.
பேசினைப் பக்கத்துக் கட்டில் கோமளேஸ்வரிக்கு
நான்தான் தள்ளிக் குடுத்தன்.
பாவம், அவவுக்கு எத்தினை புள்ளியோ.

ஒன்பதாம் நாள் வள்ளம்.
வயித்திலை தலையணையை அமத்திப் பிடிச்சு
விளிம்பிலை குனிஞ்சன்.
அல்போன்ஸ் என்ரை முதுகைத் தடவினார்,
தெரிஞ்ச ஆக்கள் ஆரும் பாக்கினமோ எண்டு
வேறை பக்கம் பாத்தபடி.