நானூற்றுப் பதினேழாம் பீப்பாய்

டஃப்டவுனில் பிப்ரவரி.
மண்தரைக் கிடங்கில் மூச்சு விட்டால் கண்ணுக்குத் தெரிகிறது.
மார்சலி ஒரு காரில் வந்தாள்,
டூகல்ட் இன்னொன்றில்.
இருவரும் என்னைப் பார்த்து மட்டும் தலையசைத்தார்கள்.

கல்யாண வருடம் வாங்கிய பீப்பாய்.
வக்கீல் தாளில் அது பதினொன்றாவது வரி,
சாப்பாட்டு மேசைக்கும் நாய்க்கும் நடுவில்.
விற்பதா, புட்டியில் அடைத்துப் பங்கிடுவதா,
ருசி பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

மரச்சுத்தியால் அடைப்பின் இருபுறமும் தட்டினேன்.
துள்ளிக்கொண்டு வந்தது.
செம்புக் குழாயை இறக்கிக் கட்டைவிரலால் வாய் மூடித்
தூக்கி, கிளாசில் விட்டேன்.
வைக்கோல் நிறம்.
ஷெர்ரி மரமென்றால் சிவந்திருக்கும்.
இது கென்டக்கியிலிருந்து வந்தது.
அங்கே போர்பனுக்குப் புது மரம்தான் வேண்டும், சட்டம்.
ஒரே ஒரு குடித்தனம்,
பிறகு உள்ளே கரி படிந்தபடி
கப்பலேற்றிவிடுவார்கள்.

"வெனிலா," என்றான் அவன்.
"தேங்காய். அப்புறம் என்ன அது, பேரிக்காயா?"
"அடிப்பிடித்த கஸ்டர்ட்," என்றாள் அவள்
மோந்துகூடப் பார்க்காமல் விழுங்கிவிட்டு.
"அடுப்பை மறப்பது நீதானே."
"நானா?"
அறுபது சதவீதம், தொண்டை சும்மா இருக்காது.
அவள் கண்ணில் நீர்.
விஸ்கிதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
கிளாசுக்குள் எண்ணெய் இழைகள்
சுருண்டு, அவிழ்ந்து, காணாமல் போயின.
நெருப்பு ஒதுங்கியதும் தேன் வந்தது.
பார்லி வந்தது.
அதற்கும் பின்னால் ஏதோ மரவாசனை,
பேர் வைக்க எனக்கே தெரியாதது.

அவன் மறுபடி மோந்தான்.
அவளும்.
"அந்த வாடகை வீட்டு அலமாரி."
"எல்கின்," என்றான். "சட்டையை விட்டுப் போகவே போகாது."
"துவைத்தாலும்."

எவ்வளவு தேறும் என்று கேட்டார்கள்.
ஊற்றியது இருநூறு லிட்டர்.
நாற்பத்தைந்து காற்றோடு போயிற்று.
சுற்றுலாக்காரர்களிடம் தேவதைகளின் பங்கு என்போம்,
பதிவேட்டில் நான் எழுதுவது 'இழப்பு'.
மீதி இருநூற்று இருபத்தொரு புட்டி.

வாயசைத்து வகுத்துப் பார்த்தாள் மார்சலி.
"இன்னொரு வருடம் விட்டுவைத்தால்
சரிபாதி வருமா?"
சொல்ல முடியாது என்றேன்.
குறையும், அது நிச்சயம்.

அடைப்பை வைத்து அடித்து இறுக்கினேன்.
வெளியே தூவானம், பாதி பனி.
குடித்த வாயோடு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது இந்த நாட்டில்.
ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓடுவது ஒரே டாக்சி.
நான்தான் போன் செய்தேன்.
எத்தனை பேர் என்று கேட்டான்.
கிடங்கு வாசலில் நின்றவர்களைப் பார்த்து
இரண்டு விரல் காட்டினேன், போனில் தெரியாது என்பதை மறந்து.