பயன்பாட்டுப் பதிவேடு

மாவட்ட மைய நூலகத்திலிருந்து சுற்றறிக்கை:
படித்த இதழை மேசையிலேயே விட்டுப் போகச் சொல்லவும்.
எடுத்து அடுக்கும்போது
பெயருக்கு எதிரே ஒரு கோடு.
மூன்று மாதம். பிறகு
கோடு குறைந்தவற்றின் சந்தா நிறுத்தப்படும்.

புதுவயல் கிளையில்
இருபத்தேழு இதழ்கள், ஒரு நீள மேசை,
முனகிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன்.
கோடு போடுகிறவள் நான்.

ராசிபலன் வார இதழுக்கு
முதல் வாரமே கட்டம் போதவில்லை.
வேலைவாய்ப்புச் செய்தியை
ஐந்து பேர் ஒரே நேரத்தில் கவிந்து படிக்கிறார்கள்;
ஒரு கோடா ஐந்தா, சுற்றறிக்கை சொல்லவில்லை.
அடைக்கப்பன் சார் சினிமா இதழை விரித்து
முகத்தில் போட்டுக்கொண்டு
மூன்று மணிவரை தூங்குகிறார்.
போட்டேன். பயன்பாடுதானே.
கரண்ட் போன மதியங்களில்
எல்லோர் கையும் தேடிப் போனது
கூட்டுறவு மாத இதழை. அட்டை கெட்டி,
காற்று நன்றாக வரும்.
அதற்குப் பதினொன்று.

மீன்வளத் திங்களிதழுக்கு ஒன்றுமில்லை.
கண்மாய் வெடித்துக் கிடக்கிற ஊரில்
இறாலுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயை
யார் விசாரிக்கப் போகிறார்கள்?
பூஜ்யம் எழுதப் போனவள்
சும்மா பிரித்தேன்.

பதினான்காம் பக்கத்தில் தவிடு.
பத்தொன்பதில், ஓரம் முழுக்க,
கட்டைவிரல் அகலத்துக்குத் தவிடு.
கூண்டு வலை கட்டுரையின்
மடிப்பிடுக்கில் ஒரு உமி.

மறுநாள் கவனித்தேன்.
ஆறேகாலுக்கு வருகிறார்,
ஆலையில் அட்டி போடுகிற சந்தியாகு,
தொண்டிக்காரர்.
நின்றபடியே படித்தார், உதடு அசைய.
முடித்ததும் முனைகளைத் தட்டிச் சமன் செய்து
மூட்டைமேல் மூட்டை வைக்கிற நேர்த்தியில்
எடுத்த இடத்திலேயே செருகினார்,
'மேசையிலேயே விடவும்' என்று
நான் ஒட்டிய தாளுக்கு நேர் கீழே.

சொல்லலாம்:
அண்ணே, அப்படியே போட்டுட்டுப் போங்க.
வாய் வரவில்லை.
எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற
ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில்.

பூட்டும் நேரம்.
அந்த இதழை உருவி வந்து
மேசையில் விரித்துக் கவிழ்த்தேன்,
யாரோ பாதியில் விட்டுப் போனதுபோல்
கொஞ்சம் கோணலாக.
நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன்.
பிறகு எழுந்துபோய்
எடுத்து அடுக்கினேன்.

ஒரு கோடு.
நாளைக்குத் தவிடு புதிதாக இருந்தால்
நாளைக்கும்.