மூணு ஒன்பது

பேட்டை லாரி ஷெட்டில்
தார்ப்பாய் விரித்து மூணு சீட்டு.
பார்க்காமல் ஆடினால் ஒரு பங்கு, பார்த்து ஆடினால் ரெண்டு.
சட்டத்தை யாரும் எழுதி ஒட்டியதில்லை,
பரமார்த்தலிங்கத்துக்கு மனப்பாடம்:
காசு கட்டாதவனுக்குக் காட்சி கிடையாது.
கவிழ்த்ததைப் புரட்டக் கூடாது.
'எங்கிட்ட ஒரு ராஜா வந்துச்சு, விட்டுட்டேன்' என்று
ஆட்டம் முடியுமுன் முனகினாலும் தப்பு.
ஒருத்தன் பார்த்தால் எல்லாரும் பார்க்கணும்,
விடலைத் தேங்காய் மாதிரி,
தெறித்தது பொது.

ஐப்பசி. தகரக் கூரையில் இரைச்சல்.
குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டதென்று
கிளீனர் பையன் ஓடிவந்து சொன்னபோது
நடுவில் நாலாயிரம் கிடந்தது.
ஒருத்தரும் நிமிரவில்லை.

மிச்சம் ரெண்டு பேர்.
கோயில்பிள்ளை, காதுமடல் சிவக்க,
ஐநூறின் மேல் ஐநூறு வைக்கிறார்.
மீரான்கனி தன் சீட்டை ஒருதரம் விரித்தார்.
அவர் முழங்கையில் என் முழங்கை.
பார்க்கக் கூடாதுதான்.
மூணு ஒன்பது.

இன்னொரு ஐநூறு போட்டு 'ஷோ' என்றால் போதும்.
அவர் அடுக்கினார். தரையில் ரெண்டு தட்டு தட்டினார்.
'நமக்கு வேண்டாம்வே.'
கட்டின் அடியில் சொருகிவிட்டார்.

கோயில்பிள்ளை, யாரும் கேட்காமலே,
தன்னுடையதைப் புரட்டிப் போட்டார்:
ஒரு ஆசு, ஒரு ஜாக்கி, ஒரு நாலு. சாதியும் சேரவில்லை.
'வெறுங்கைக்கா பயந்தீரு, பாய்?'
ஷெட்டே சிரித்தது. மீரானும் சிரித்தார்,
பீடி நமுத்துப்போயிருந்தது, மூணு தீக்குச்சி செலவு.

எனக்குத் தொண்டையில் மீன்முள்.
ஒருத்தன் பார்த்தால் எல்லாரும் பார்க்கணும்.
கவிழ்த்ததைப் புரட்டக் கூடாது.
ரெண்டும் ஒரே ஆள் சொன்ன சட்டம்,
பரமார்த்தலிங்கம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோயில்பிள்ளையின் வண்டி மூணு மாசமாய்
ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலியோரம் நிற்கிறது.
மீரானின் மருமகன் அவரிடம்தான் டிரைவர்.
போன ரம்ஜானுக்கு ரெண்டு பேருக்கும் பேச்சு முறிந்து
யாரோ சேர்த்துவைத்தார்கள்.
இதில் எது அந்தச் சீட்டைக் கவிழ்த்தது,
அல்லது எதுவுமே இல்லையா,
வெறுமனே அலுத்துவிட்டதா,
எனக்குத் தெரியாது.

பைக்கில் மேலப்பாளையம் வரை கொண்டு விட்டேன்.
இறங்கி, தலைத்துண்டைப் பிழிந்துவிட்டு,
'ஒமக்குக் கண்ணு கொஞ்சம் நீளம்வே' என்றார்.
மழையில் சரியாகக் கேட்காத மாதிரி
நான் கிளட்சைப் பிடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை
எனக்கு எதிர்ப்பக்கம் இடம் போட்டிருந்தது.
அவர் சீட்டு
சட்டைப் பொத்தானோடு ஒட்டியிருந்தது.